பழைய கார் வாங்கியவருக்குச் சட்டம் எதுவரை துணை வரும்?

வீரசோழன் சந்தையில் ஆடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் காசை எடுப்பதில்லை. கண்ணைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், நாலு எட்டு நடக்க விட்டுப் பார்ப்பார். அதே மனிதர் மூன்று லட்சம், நான்கு லட்சம் கொடுத்துப் பழைய கார் வாங்கப் போகும்போது பெயிண்டின் பளபளப்பையும் தரகரின் வாக்கையும் நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். ஆட்டின் வயதைப் பல் மறைக்காது. காரின் ஓட்டத்தைக் காட்டும் மீட்டரைப் பின்னுக்குத் தள்ள ஒரு சிறு கருவியும் கொஞ்ச நேரமும் போதும்.

விருதுநகர் மாவட்டத்தின் நரிக்குடி, திருச்சுழி, வீரசோழன் பக்கத்து ஊர்களில் கார் ஆடம்பரத்துக்காக வாங்கப்படுவதில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் மதுரை. இரவு நேரத்தில் பிரசவ வலியோ நெஞ்சு வலியோ வந்தால் பேருந்துக்குக் காத்திருக்க முடியாது. மிளகாயும் பருத்தியும் கைகொடுத்த வருடத்திலோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளை பணம் அனுப்பிய பிறகோதான் ஒரு குடும்பம் கார் பற்றிப் பேசத் தொடங்குகிறது. பேச்சு பெரும்பாலும் பழைய வண்டியில்தான் முடிகிறது. நகையை அடகு வைத்து வாங்கிய அந்த வண்டி பத்தாம் நாள் புகை கக்கினால் அந்தக் குடும்பம் எங்கே போவது? சட்டம் அவர்களுக்கு என்ன வைத்திருக்கிறது?

நிறையவே வைத்திருக்கிறது. ஆனால் யாரிடம் வாங்கினோம் என்பதைப் பொறுத்தே அதில் எவ்வளவு நம் கைக்கு வரும் என்பது தீர்மானமாகிறது. ஒரே கார், ஒரே பழுது, ஒரே விலையாக இருந்தாலும், விற்றவர் மாறினால் வாங்கியவரின் உரிமையும் மாறிவிடுகிறது.

அடிப்படை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 17ஆம் பிரிவு மோசடி எது என்று வரையறுக்கிறது. உண்மையில்லாததை உண்மையென்று சொல்வது மோசடி. தெரிந்ததை முனைந்து மறைப்பதும் மோசடி. வெறுமனே வாய்மூடி இருப்பது மட்டும் பொதுவாக மோசடியாகாது. இதை விளக்க அந்தச் சட்டமே குதிரையை உதாரணம் காட்டுகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் எதுவும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார், அது மோசடியல்ல. வாங்குவது அப்போதுதான் வயதுக்கு வந்த அவருடைய மகள் என்றால் சொல்லும் கடமை உண்டு. மூன்றாவது உதாரணம்தான் நமக்கு வேண்டியது. வாங்குகிறவர், “நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்” என்கிறார். விற்பவர் பேசாமல் இருக்கிறார். இங்கே அந்த மௌனமே பேச்சுக்குச் சமம் என்கிறது சட்டம்.

நூற்றைம்பது ஆண்டு கடந்தும் இன்று ஒரு ஸ்விஃப்ட்டுக்கும் பொலேரோவுக்கும் இதே விதிதான். கேள்வி கேட்டவருக்குச் சட்டத்தின் துணை பலமாக இருக்கிறது, கேட்காதவருக்கு மெலிந்துவிடுகிறது. “ஆக்சிடென்ட் ஆன வண்டியா? இன்ஜின் இறக்கினதா? வெள்ளத்தில் நின்றதா? மீட்டர் ஒரிஜினலா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, அதற்கு வந்த பதிலை அழிக்காமல் வைத்திருப்பவர், நாளைக்கு நீதிமன்றத்தில் ஒரு சாட்சியோடு நிற்கிறார். மின்னணுப் பதிவுகளை உரிய சான்றோடு தாக்கல் செய்ய 2023ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதினியம் வழி வைத்திருக்கிறது. கேட்காமல் வாங்கியவரிடம் விற்றவர், “நான் எதுவும் சொல்லலையே, அவரே பார்த்துத்தானே எடுத்தார்” என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். 19ஆம் பிரிவின் விதிவிலக்கு அவருக்கு உதவவும் செய்யும். சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், விற்றவரின் மௌனத்தைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது.

அடுத்தது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். இதன் 14ஆம் பிரிவு, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பதை எல்லா விற்பனையிலும் எழுதாத நிபந்தனையாக வைக்கிறது. திருட்டு வண்டியைத் தெரியாமல் வாங்கி, பிறகு போலீஸ் வந்து எடுத்துப் போனால், முழு விலையையும் திருப்பிக் கேட்கலாம். 1923இல் இங்கிலாந்தில் நடந்த ரோலண்ட் எதிர் டிவால் வழக்கில், சில மாதங்கள் ஓட்டிய பிறகு பறிபோன திருட்டுக் காருக்கு வாங்கியவர் முழு விலையையும் திரும்பப் பெற்றார். ஓட்டிய மாதங்களுக்காக நீதிமன்றம் எதையும் கழிக்கவில்லை. விற்றவர் தனிமனிதரா வியாபாரியா என்று இந்தப் பிரிவு பார்ப்பதில்லை.

தரத்தைப் பேசும் 16ஆம் பிரிவு அப்படியல்ல. அது அந்தச் சரக்கை வியாபாரமாக விற்பவருக்குத்தான் பொருந்துகிறது. அதிலும், வாங்குகிறவர் வண்டியைச் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு விற்றவர் பொறுப்பில்லை. பழைய வண்டிக்குத் தரம் என்றால் என்ன? இங்கிலாந்தின் டென்னிங் பிரபு இரண்டு ஜாகுவார் கார் வழக்குகளில் இதைச் சொன்னார். இந்தியச் சட்டம் அந்த நாட்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது என்பதால் அவை இங்கும் வழிகாட்டும். 1965இல் வந்த வழக்கில் கிளட்ச்சில் கோளாறு இருப்பதை விற்றவர் முன்பே சொல்லி, விலையையும் குறைத்திருந்தார். செலவு எதிர்பார்த்ததைவிட அதிகமானதற்கு நஷ்டஈடு கிடையாது, பழைய கார் என்றால் கொஞ்சம் பழுது இருக்கத்தான் செய்யும் என்று தீர்ப்பானது. 1975இல் வந்தது எட்டு வருடம் ஓடிய ஜாகுவார். வாங்கி மூன்று வாரத்தில், சுமார் 2,300 மைலில், இன்ஜின் பிடித்துக்கொண்டது. அங்கே வாங்கியவர் வென்றார். தேய்மானத்தை வாங்கியவர் தாங்க வேண்டும்; விற்ற நாளிலேயே செத்துக்கொண்டிருந்த இன்ஜினை அவர் தலையில் கட்ட முடியாது. என் பார்வையில் இந்த எல்லைக்கோடு நியாயமானது. நம் ஊர் மெக்கானிக்கும் இதே கோட்டைத்தான் போடுவார்.

இவை எல்லாம் சிவில் நீதிமன்றத்து வழிகள். வக்கீல், கட்டணம், வாய்தா என்று நீளும். சாதாரண மனிதருக்கு நடைமுறையில் உதவுவது 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. குறைபாடு என்பதற்கு அது தரும் வரையறை அகலமானது. சட்டமோ ஒப்பந்தமோ கேட்கும் தரம் மட்டுமல்ல, வியாபாரி எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல்லுக்குக் கீழே பொருள் இருந்தால் அது குறைபாடு. “சிங்கிள் ஓனர், 45 ஆயிரம் கிலோமீட்டர், கம்பெனி சர்வீஸ்” என்ற விளம்பர வரி இங்கே வெறும் விளம்பரமாக நிற்காது. பழையதையோ புதுப்பித்ததையோ புதியதென்று விற்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கோவாவில் 2011 மாடல் என்று பணம் வாங்கிக்கொண்டு, 2009இல் தயாரான, ஏற்கெனவே ஓடிய, அடிப்பகுதி துருப்பிடித்த காரைக் கொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, விஷயம் தெரியாத தயாரிப்பு நிறுவனத்தை விடுவித்தது. டீலரின் பொறுப்பு அப்படியே நின்றது.

வீரசோழன்காரர் ஒருவர் மதுரையிலோ கோயம்புத்தூரிலோ வண்டி வாங்கியிருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் செய்த நல்ல மாற்றம். விருதுநகர் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. அதுவும் நமக்கு மாவட்டத்தின் மறுகோடிதான் என்றாலும், மனுவை இணையம் வழியே தாக்கல் செய்ய முடியும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

வண்டியை வாடகைக்கு ஓட்டுகிறவர் நுகர்வோரா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில் நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. பிழைப்புக்காக ஆட்டோவோ காரோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர். வாங்கி, ஆள் வைத்து ஓட்டி லாபம் பார்க்கிறவர் அந்தப் பாதுகாப்புக்குள் வர மாட்டார். செகண்ட் ஹேண்ட் லோடு வண்டி வாங்கிக் காய்கறி ஏற்றும் இளைஞருக்கு இந்தத் தீர்ப்பு பெரிய துணை.

இவ்வளவு நல்ல சட்டமும் நம் ஊரில் நடக்கும் விற்பனையில் பாதியைத் தொடுவதில்லை. நுகர்வோர் சட்டத்துக்கு எதிரே ஒரு வியாபாரியோ சேவை தருபவரோ வேண்டும். தன் சொந்தக் காரை ஒரு தடவை விற்கும் பக்கத்து ஊர் ஆசிரியரையோ, ஓய்வுபெற்ற ராணுவ வீரரையோ வியாபாரி என்று ஆணையத்தில் நிறுவுவது கடினம். கிராமத்தில் கை மாறும் வண்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் மாறுகின்றன. நடுவில் தரகர் இருப்பார். அவர் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொள்வார். பிரச்சினை வந்தால், “நான் வண்டியைக் காட்டினேன், அவ்வளவுதான்” என்பார்.

அருப்புக்கோட்டை, மதுரைச் சாலையோரங்களில் ஆட்டோ கன்சல்டிங் நடத்துகிறவர்களும் இதே பதிலைச் சொல்வதுண்டு. பத்து வண்டி வரிசையாக நிற்கும், விலைப்பலகை தொங்கும், ஆனால் ஆர்.சி. புக்கில் பெயர் வேறு யாருடையதோ இருக்கும். முந்தைய உரிமையாளரிடம், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29லும் 30லும் பெயர் எழுதாமல் கையெழுத்து வாங்கி வைத்திருப்பார்கள். யார் வாங்குகிறாரோ அவர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டால், கன்சல்டிங்காரர் எந்தத் தாளிலும் இல்லை. இந்த இடத்தில் வாங்கியவர் சோர்ந்துவிடக் கூடாது. கமிஷன் வாங்கிக்கொண்டு ஒரு வேலையைச் செய்தவர் சேவை தந்தவர் என்று வாதிட இடம் இருக்கிறது. பணம் யாருடைய கணக்குக்குப் போனது, ரசீது யார் கொடுத்தார் என்பதே அப்போது முக்கிய ஆதாரம். ஆகவே பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022 டிசம்பர் 22இல் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வாகனங்களை வாங்கி விற்கும் டீலர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததை இணையத்தில் தெரிவித்த கணத்திலிருந்து டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டி அவர் கையில் இருக்கும்போது ஓடிய ஒவ்வொரு பயணத்துக்கும் மின்னணுப் பதிவேடு வைக்க வேண்டும். “ஓனர் வேற, நாங்க வெறும் கன்சல்டிங்” என்ற பதிலுக்கு இந்த விதியில் இடமே இல்லை. பழைய வண்டி வியாபாரத்துக்காக இந்த நாட்டில் வந்த விதிகளில் இதைத்தான் மிக முக்கியமானதாக நான் நினைக்கிறேன். ஆனால் வாங்கப் போகிறவர் “உங்கள் அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள்” என்று கேட்டால்தான் விதி உயிர் பெறும். இப்படி ஒரு சான்று இருக்கிறது என்பதே நம் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பெயர் மாற்றம் இன்னொரு பெரிய குழி. விற்றவர் அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு. அதை மதிக்காமல் வண்டி நான்கு கை மாறிய ஒரு வழக்கில், காப்பீடு இல்லாமல் நடந்த விபத்துக்கு ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் வண்டியை விற்று ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து நடந்த விபத்து அது. ஆகவே விற்பவருக்கும் இது உயிர்நாடி.

வாங்கியவருக்கு வரும் அடி காப்பீட்டில். மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு சேர்ந்து வந்துவிடும் என்கிறது 157ஆம் பிரிவு. நம் சொந்த வண்டியின் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக வராது என்று 1996லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தில் பெயரை மாற்றாமல் வண்டியை மோதினால், பாலிசித் தாள் கையில் இருந்தும் பழுதுச் செலவு நம்முடையதே. முந்தையவர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸும் அவருக்குச் சொந்தமே தவிர வண்டிக்கு அல்ல.

கடன் வண்டியைப் பற்றி நம் ஊரில் ஓரளவு விழிப்பு உண்டு. ஆர்.சி.யில் ஹெச்.பி. இருக்கிறதா, கடன் முடிந்த படிவம் 35 இருக்கிறதா என்று கேட்கிறார்கள். டெல்லி வண்டி விஷயத்தில் அந்த விழிப்பு போதவில்லை. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகு அங்கே விலை சரிந்த வண்டிகள் நம் பக்கம் இறங்குகின்றன. விலையை மட்டும் பார்த்து எடுக்கிறவர், அந்த மாநிலத்துத் தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு ஆயுள் வரி எல்லாம் சேர்ந்தால் ஆகும் தொகையைப் பிறகுதான் கணக்குப் பார்க்கிறார்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 2015இல் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் என்று ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நிறுவனம் அதை டோட்டல் லாஸ் என்று தீர்த்து, வண்டியை ஏலத்தில் தள்ளிவிடும். ஏலம் எடுத்தவர் உலர்த்தி, சீட்டை மாற்றி, பெயிண்ட் அடித்து வெளியே கொண்டுவந்தால் வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாது. சில மாதம் கழித்து வயரிங் அரித்துப்போய், ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி அணையும். ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம். இது பண நஷ்டத்தோடு நிற்காது, உயிருக்கே ஆபத்து. சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடியில் மண் கறை இருக்கிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே துருவைத் தேடுங்கள். சேஸிஸ் எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் வரலாற்றைக் கேளுங்கள். வெள்ளம் பார்த்த வண்டியைத் தெரிந்தே மறைத்து விற்பது பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவின் கீழ் ஏமாற்றுக் குற்றமாகலாம். காவல் நிலையத்தில் “இது சிவில் மேட்டர்” என்று திருப்பி அனுப்புவது வழக்கம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்பதைக் காட்டும் எழுத்து ஆதாரம் இருந்தால் அப்படி எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

எந்த வழியில் போனாலும் நிரூபிக்கும் சுமை புகார்தாரர் மேல்தான். பட்டறையில் பழுதைச் சரிசெய்துவிட்டு வழக்குக்குப் போகிறவர்கள் தோற்பதற்கு இதுவே காரணம். சாட்சி அந்த இன்ஜின்தான், அதையே பிரித்துப் போட்டுவிடுகிறோம். முதலில் விற்றவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பிறகு அங்கீகாரம் பெற்ற ஒர்க்ஷாப்பிலோ ஆட்டோமொபைல் பொறியாளரிடமோ எழுத்தில் ஓர் அறிக்கை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர்.

இந்தச் சுமையைப் பிற நாடுகள் வேறு விதமாகப் பகிர்ந்திருக்கின்றன. நம் பகுதியிலிருந்து பலர் பிழைக்கப் போகும் சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் அது விற்ற நாளிலேயே இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். பழைய காருக்கும் இது உண்டு. இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பாடு. பிரிட்டனில் 2015 சட்டம் டீலரிடம் வாங்கிய பழைய காரைக்கூட, பழுது தெரிந்தால், 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தருகிறது. அங்கேயும் தனிமனிதர் விற்பனைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த இடைவெளியில் அமெரிக்கா செய்தது நமக்குப் பாடம். 1972ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் மீட்டரைத் திருப்புவதையே தடை செய்தது. உரிமை மாறும்போது, விற்பவர் தனிமனிதரானாலும், மீட்டர் காட்டும் எண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றும் கட்டாயமாக்கியது.

நம்முடைய படிவம் 29இல் வண்டி ஓடிய தூரத்தைப் பற்றியோ, விபத்தைப் பற்றியோ, வெள்ளத்தைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. மீட்டரைத் திருப்புவதற்கென்று தனிக் குற்றப் பிரிவும் இல்லை. மத்திய அமைச்சகம் அந்தப் படிவத்தில் நான்கு வரி சேர்த்தால் போதும்: இன்றைய மீட்டர் எண், விபத்து, வெள்ளம், டோட்டல் லாஸ். விற்பவர் அதில் கையெழுத்திட்டுவிட்டால் குதிரை உதாரணத்தின் மௌனத்துக்கு வழியில்லாமல் போகும். வீரசோழன் தெருவில் இருவருக்கிடையே நடக்கும் விற்பனையும் சட்டத்தின் கண்ணில் படும். தமிழ்நாடு போக்குவரத்துத் துறை இன்னொரு எளிய காரியம் செய்யலாம். அங்கீகாரம் பெற்ற பழைய வாகன டீலர்களின் பட்டியலை ஒவ்வொரு ஆர்.டி.ஓ. அலுவலக வாசலிலும் தமிழில் ஒட்டி வைக்கலாம்.

அதுவரை, வாங்கப் போகிறவரே அந்த நான்கு வரியையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி விற்பவரிடமும் தரகரிடமும் கையெழுத்து கேளுங்கள். சொந்தக்காரர் என்றாலும், ஒரே ஊர் என்றாலும் கேளுங்கள். கையெழுத்துப் போட மறுக்கிறவரின் வண்டியை வாங்காதீர்கள்.